பேச்சியம்மாள் வந்தால் லைன் நிற்கும்

ஒரகடத்தில் வந்து இறங்கிய அன்றே என்னைச் சிலோன்காரி என்று முடிவு கட்டிவிட்டார்கள். லாட்ஜில் சாவி கொடுத்தவர் கேட்டார், டீக்கடைக்காரர் கேட்டார், கடைசியில் தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டியும் கேட்டார். "இல்லைங்க, மலேசியா. பினாங்கு" என்றேன். அவர் என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தமிழ் நல்லாப் பேசுறீங்களே மேடம்" என்று பாராட்டினார். பிறந்ததிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். வெயில் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

எங்கள் ஊர் வெயில் ஈரத் துணியைப் போல உடம்பில் ஒட்டும். இந்த ஊரில் அது நேராக மண்டையில் இறங்குகிறது. வல்லம் வடகாலில் நேற்றுவரை வயலாக இருந்த நிலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் நீலத் தகரக் கூரைகள். நடுவே எஞ்சிய ஒரு துண்டுச் சேற்றில் எருமைகள் படுத்திருந்தன. அந்த வட்டாரத்தில் குளிர்ச்சியாக இருந்த ஒரே ஜீவன்கள் அவைதான்.

வாசலில் வெகுநேரம் காத்திருந்தேன். யாரைப் பார்க்க யார் வந்தாலும் செக்யூரிட்டி உள்ளே போன் போடுவார். சம்பந்தப்பட்டவர் தன் வேலையை அப்படியே போட்டுவிட்டு வாசல்வரை நடந்துவந்து, கையெழுத்துப் போட்டு, ஆளைக் கூட்டிக்கொண்டு திரும்ப நடக்க வேண்டும். எனக்காக அப்படி நடந்து வந்தவர் தாமோதரன். பராமரிப்புப் பிரிவுக்குப் பொறுப்பாளர், வாலாஜாபாத் பக்கத்துக்காரர், ஐம்பதை நெருங்குகிறவர்.

"பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலையில் யாரைப் பார்த்தாலும் கேட்பது அது.

அவர் ஒரு கணம் விழித்துவிட்டுச் சிரித்தார். "டிபனா? ஆச்சு மேடம். இந்த வார்த்தையைக் கேட்டு எத்தினி நாளாச்சு! வாங்க, வாங்க."

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். பினாங்கில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை செய்கிறேன். தொழிற்சாலை ரோபோக்களை ஆட்டுவிக்கும் கணிப்பொறிகளைச் செய்கிறோம். எங்கள் பெட்டியின் சிறப்பு, ஒரே கணிப்பொறி இரண்டு கணிப்பொறியாக நடந்துகொள்வது. ஒரு பாதி ரோபோ கையை ஓட்டும், கேமராவைக் கவனிக்கும். மறுபாதி திரையைக் காட்டும், லேபிள் அச்சடிக்கும். இரண்டையும் ஒன்றோடொன்று மோதாமல் பிரித்து வைக்கும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். அதில் பெரும் பகுதி நான் எழுதியது. இந்தத் தொழிற்சாலையில் எங்கள் பெட்டி மாட்டிய லைன் திடீர் திடீரென்று நின்றுபோகிறது என்று புகார் மேல் புகார். அதனால் என் முதலாளி லிம் என்னை அனுப்பினார். எழுதியவளும் நானே, தமிழ் தெரிந்தவளும் நானே என்பதால் யோசிக்க அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை.

லைனைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. எளிய ஏற்பாடு. லாரியில் மாட்டப்போகும் இரும்பு பிராக்கெட்டை ஒரு பெண் கையால் எடுத்து அச்சில் பொருத்துகிறார். கேமரா அதன் ஓட்டைகளைப் படம் எடுத்துச் சரிபார்க்கிறது. ரோபோ கை அதைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கிறது. பெண்ணுக்கும் கைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை. யார் விரல் அதைக் கடந்தாலும் ரோபோ நின்றுவிடும்.

அன்று முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். ஒரு முறைகூட நிற்கவில்லை.

"நான் வந்ததும் பயந்துருச்சு போல" என்றேன்.

"அது இல்ல மேடம்." தாமோதரன் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பொண்ணு இல்ல, அதான் நிக்கல. பேச்சியம்மான்னு ஒரு டிரெய்னி. அது லைன்ல நின்னா போதும், பொசுக்குனு நின்னுடுது. ஷிஃப்ட் மாத்திப் பாத்தோம். காலை ஷிஃப்ட்டுக்குப் போட்டா காலைல நிக்குது, மதியம் போட்டா மதியம் நிக்குது. எங்க போனாலும் கூடவே போவுது. ரெஸ்ட் வேணும்னு திரைக்குள்ள கைய உட்டு நிறுத்துது. இன்னா பண்றது சொல்லுங்க? பேக்கிங்குக்கு மாத்திட்டோம். மாசக் கடைசியில அனுப்பிடுவாங்க."

என்னிடம் வேறு தகவல் இருந்தது. ஒளித்திரையைத் தொட்டதால் நின்றிருந்தால் எங்கள் பெட்டி அப்படியே பதிந்திருக்கும். அதில் இருந்தது வேறு. ரோபோவை ஓட்டும் பாதி தன் வேலையை நேரத்துக்குள் முடிக்கவில்லை. அப்படிப் பிந்தினால் பெட்டி தானாகவே கையை நிறுத்திவிடும், பாதுகாப்புக்காக. ஆக, பிந்தியது கணிப்பொறி. அதற்கும் ஒரு பெண் வந்து நிற்பதற்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் எனக்கும் விளங்கவில்லை. ஆனால் விளங்கிவிடும் என்பதில் சந்தேகம் இல்லை. காரணம் இல்லாமல் எந்த இயந்திரமும் பிந்தாது.

மறுநாள் நான் அமர்த்தியிருந்த வாடகைக் காரின் வண்டிக்காரர், நெரிசல் இருக்காது என்று படப்பையைச் சுற்றிக் கூட்டிப்போனார். புதிதாகப் பிரித்த மனைகள், கலர் கொடிகள், "இன்றே பதிவு செய்யுங்கள்" பலகைகள். அதையெல்லாம் ரசித்துக்கொண்டிருக்கும்போது கார் புகைந்து நின்றது. நான் லேப்டாப் பையோடு ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். ஏற்கெனவே நிறைந்திருந்த வண்டியில் என்னையும், எனக்குப் பின்னால் ஒரு வாழைத்தார்க்காரரையும் டிரைவர் திணித்தார். பினாங்கில் இத்தனை பேரை ஏற்றினால் போலீஸ் பிடிக்கும். இங்கே போலீஸ்காரர் ஒருவரே கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் தொங்கினார்.

எதிரே கழுத்தில் அடையாள அட்டையோடு இரண்டு பெண்கள். நான் போய்க்கொண்டிருந்த தொழிற்சாலையின் அட்டைதான். கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள். ஒருத்தி மற்றவளைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். "வுடுடி. பேக்கிங்ல நிம்மதியா இருக்கலாம்."

"நிம்மதியா? நான் கைய வுட்டேன்னு எல்லார் முன்னாலயும் சொன்னாவல்லா? செய்யாததைச் செஞ்சேன்னு சொன்னா நிம்மதி எங்கிட்டு வரும்?"

"நீங்க பேச்சியம்மாவா?" என்று கேட்டேன்.

திடுக்கிட்டுப் பார்த்தாள். மெலிந்த, கூரிய பார்வையுள்ள பெண். சங்கரன்கோவில் பக்கம் ஊர். படப்பையில் நான்கு பெண்களோடு ஓர் அறையில் இருக்கிறாள். நான் யார் என்று சொன்னேன். ஆட்டோ ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது.

"நான் கைய நீட்டவே இல்ல மேடம். அதுவா நிக்கி. நான் என்ன செய்ய?"

"எனக்குத் தெரியும். நீங்க நீட்டலை. மெஷின் அப்படித்தான் சொல்லுது."

"அப்படின்னா அவியகிட்டச் சொல்லுங்க."

"சொல்றேன். அதுக்கு முன்னாடி ஏன் நிக்குதுன்னு கண்டுபிடிக்கணும். நீங்க வந்து லைன்ல நிக்கணும்."

"திரும்ப நின்னுபோச்சுன்னா?"

"நிக்கணும். அதுக்குத்தான் கூப்பிடுறேன்."

அவளுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் அவள் பயம் புரிந்தது.

பேச்சியம்மாளை மறுபடி லைனில் விட ஆலைத் தலைவர் கோபிநாத் ஒப்பவில்லை. மரியாதையான மனிதர், அவசரக்காரர். வாடிக்கையாளர் தணிக்கை வருகிறது என்றார். அதற்குள் லைன் நிற்காமல் ஓடவேண்டும், இல்லையென்றால் எங்கள் பெட்டியைக் கழற்றிவிடுவார். பிறகு ஒரு வழியும் அவரே சொன்னார்.

"மேடம், லேட்டானா நிறுத்துதுன்னு சொல்றீங்க இல்ல? அந்த லிமிட்டைக் கொஞ்சம் கூட்டிடுங்களேன். சிம்பிள்."

சிம்பிள்தான். ஒரு எண்ணை மாற்றினால் போதும். லைன் நிற்காது, எல்லாரும் கைதட்டுவார்கள், நான் நுங்கு தின்றுவிட்டு விமானம் ஏறலாம்.

"முடியாது சார்" என்றேன். "ஒளித்திரையை ரோபோவிலிருந்து இவ்வளவு தூரத்துல வைக்கலாம்னு கணக்குப் போட்டதே அந்த எண்ணை வச்சுத்தான். அதைக் கூட்டினா, ஒருத்தர் கை உள்ளே போன பிறகும் ரோபோ கொஞ்ச தூரம் நகரும். அந்தக் கொஞ்ச தூரத்துல அவங்க விரல் இருக்கும்."

அவர் பேனாவை மூடித் திறந்தார்.

மத்தியானம் லிம் அழைத்தார். கோபிநாத் அவரிடமும் பேசியிருக்கிறார். லிம் எப்போதும் ஆங்கிலத்தையும் மலாயையும் ஹொக்கியன் சீனத்தையும் ஒரே வாக்கியத்தில் கலப்பவர். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "கஸ்தூரி, அவர்கள் கேட்பது பெரிய விஷயமா? கொடுத்துவிட்டு வந்து சேர். இங்கே வந்து நிதானமாகப் பார்க்கலாம்."

"நீங்கள் அந்த லைனில் கையை வைத்து வேலை பார்ப்பீர்களா, பாஸ்?"

லிம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பிறகு, "சரி, சரி. சனிக்கிழமைவரை பார். சாப்பாடு எப்படி?"

சாப்பாடு பிரமாதம் என்றேன். பொய் இல்லை. கேன்டீனில் மிளகும் சீரகமும் போட்ட காஞ்சிபுரம் இட்லி, பெரிய வட்டமாக, கத்தியால் வெட்டிக் கொடுத்தார்கள். எங்கள் ஊர்க் கடையில் தோசை என்று கொடுப்பதைப் பற்றி இனி வாய் திறக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். புரோட்டா மட்டும் விதிவிலக்கு. எங்கள் புரோட்டாவான ரொட்டி சானாய்க்கு ருசி பினாங்கில்தான். இந்த விஷயத்தில் தாமோதரனோடு சண்டையே வந்தது.

லிம்மும் எண்ணைக் கூட்டச் சம்மதிக்காததால் புதன்கிழமை கோபிநாத் மனம் மாறி, ஒரு ஷிஃப்ட்டுக்கு மட்டும் பேச்சியம்மாளை விட்டார். தாமோதரன் கையைக் கட்டிக்கொண்டு அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் லேப்டாப் திரையைப் பார்த்தேன்.

அவள் வேலை செய்யத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. அப்படியொரு வேகம். எடுப்பதும் பொருத்துவதும் ஒரே அசைவு. ஒளித்திரைக்கு வெளியே கையை இழுத்துக்கொண்டு, ரோபோ முடிப்பதற்காக அவள் காத்திருந்தாள். மற்றவர்களுக்காக ரோபோ காத்திருந்தது. என் திரையில் ஒரு எண் ஏறிக்கொண்டே போனது. லைன் நின்றது.

"பாத்தீங்களா?" என்றார் தாமோதரன். ஆனால் அவர் குரலில் பழைய உறுதி இல்லை. அவள் இரண்டு கைகளும் பின்னால் இருந்ததை அவரும் பார்த்திருந்தார்.

"பாத்தேன். நீங்களும் பாத்தீங்க" என்றேன்.

அந்த எண் என்ன என்று சொல்ல வேண்டும். ஒரு பிராக்கெட்டுக்கே கேமரா நூற்றுக்கணக்கில் படம் எடுக்கும்; ஒவ்வொன்றும் முடிந்ததும் "படம் தயார்" என்று கணிப்பொறியைக் கூப்பிடும். அந்தக் கூப்பாட்டுக்கு இன்டரப்ட் என்று பெயர். பழைய முறையில் ஒவ்வொரு கூப்பாடும் முதலில் ஹைப்பர்வைசரிடம்தான் போகும். ரோபோவை ஓட்டும் பாதியை நிறுத்திவிட்டு ஹைப்பர்வைசர் எழுந்து வரும், யாருக்கு வந்த கூப்பாடு என்று பார்க்கும், உரியவரிடம் சேர்க்கும், பிறகு வேலை தொடரும். ஒரு தடவைக்கு இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் பெரிய தாமதம். புதிய சில்லுகள், அதாவது சிப்கள், இந்த வேலையைத் தாங்களே செய்துவிடும். ஹைப்பர்வைசரை எழுப்பாமல் கூப்பாட்டை நேராக உரிய பாதியிடமே சேர்க்கும். நாங்கள் விற்ற பெட்டியில் இருந்தது அப்படிப்பட்ட சில்லு. அதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தோம்.

ஆகவே என் திரையில் அந்த எண், அதாவது ஹைப்பர்வைசர் எழுந்த கணக்கு, கிட்டத்தட்ட அசையாமல் இருக்கவேண்டும். அதுவோ மீட்டர் போட்ட ஆட்டோ மாதிரி ஓடியது. திங்களன்று மெதுவாக வேலை செய்த பெண்ணுக்கும் ஓடியதுதான், ஆனால் தாமதம் நேர எல்லையைத் தாண்டவில்லை. பேச்சியம்மாளின் வேகத்துக்குப் படங்கள் அடுத்தடுத்து வந்தன, கூப்பாடுகள் குவிந்தன, எல்லை தாண்டியது. அவள் எந்த ஷிஃப்ட்டுக்குப் போனாலும் அவள் வேகமும் கூடவே போனது. அவ்வளவுதான்.

"சில்லுல அந்த வசதி இருக்குன்னு சொன்னீங்களே?" என்று கேட்டார் தாமோதரன்.

"இருக்கு. பெட்டியும் 'உண்டு'ன்னுதான் சொல்லுது." சொல்லும்போதே எனக்கு உறைத்தது. சில்லில் உண்டா என்றுதான் எங்கள் மென்பொருள் கேட்டது. சில்லைத் தாங்கும் போர்டில், அதாவது பலகையில், அது திறந்திருக்கிறதா என்று கேட்கவில்லை. "அண்ணே, இந்தக் கணிப்பொறியில எதையாவது மாத்தினீங்களா?"

"போன மழையில இடி உழுந்து போர்டு பூட்ச்சு மேடம். அதே கம்பெனி, அதே மாடல் வாங்கிப் போட்டோம். ஆன் பண்ணா ஓடிச்சு. ஏன்?"

சாப்பாட்டு நேரத்தில் லைன் ஓய்ந்ததும் கணிப்பொறியை அணைத்து, எழும்போதே அடிப்படை அமைப்புத் திரைக்குள் போனோம். உள்ளே, இன்னும் உள்ளே ஒரு வரி. கூப்பாடுகளை நேராக அனுப்பும் வசதி அணைந்திருந்தது. புதிய பலகைகள் கடையிலிருந்து அப்படித்தான் வரும். பினாங்கிலிருந்து அனுப்பும்போது நாங்கள் திறந்து அனுப்புவோம். இடிக்கு அது தெரியாது.

திறந்தேன். சேமித்தேன். கணிப்பொறி மெல்ல எழுந்தது.

தாமோதரன் அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னாதான் மேடம் அது? கொஞ்சம் புரியற மாதிரி சொல்லுங்க."

"திங்கள்கிழமை என்னைக் கூப்பிட வாசலுக்கு நடந்து வந்தீங்க இல்ல? ஒவ்வொரு ஆளுக்கும் அப்படி நடந்தா உங்க வேலை என்னாகும்? இப்ப வர்றவங்களுக்கெல்லாம் நேரா உங்க டிபார்ட்மென்ட்டுக்கே பாஸ் கொடுத்தாச்சு."

"அத செக்யூரிட்டிகிட்டயும் கொஞ்சம் சொல்லிட்டுப் போங்க" என்றார்.

சாப்பிட்டுவிட்டு வந்த பேச்சியம்மாள் கையுறை மாட்டிக்கொண்டாள். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் நிதானித்துவிடுவாள் என்று பயம். அவள் அதே வேகத்தில் போட்டாள். எண் அசையவில்லை. ஷிஃப்ட் முடியும்வரை லைன் ஒரு முறைகூட நிற்கவில்லை. பக்கத்து லைன் பெண்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசி பிராக்கெட்டை வைத்துவிட்டு அவள் என்னிடம் திரும்பி, "நின்னுச்சா?" என்றாள்.

"நிக்கல."

"நாளைக்கும் நிக்காதா?"

"நாளைக்கும் நிக்காது."

இதை நான் உறுதியாகச் சொன்னேன். என் தொழிலில் இப்படிச் சொல்லக்கூடிய நாட்கள் குறைவு. அவள் முகத்தில் சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் கையுறையைக் கழற்றி மடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டாள்.

வியாழக்கிழமை முழுவதும் பார்த்தோம். வெள்ளிக்கிழமை வேண்டுமென்றே மறுபாதியில் லேபிளை அடிக்கவிட்டு, காட்சித் திரையை மாற்றி மாற்றித் தட்டி, இருக்கிற தொல்லையெல்லாம் கொடுத்துப் பார்த்தோம். ரோபோ கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. லிம்மைக் கூப்பிட்டு, இனிமேல் பெட்டி எழும்போது அந்த வசதி திறந்திருக்கிறதா என்றும் கேட்கவேண்டும், இல்லாவிட்டால் ஓடவே கூடாது என்றேன். "ஓடவே கூடாதா? வாடிக்கையாளர் கத்துவாரே" என்றார். "கத்தட்டும். ஓடாத பெட்டியை உடனே பார்ப்பார்கள். ஓடுகிற பெட்டி என்றால் ஓர் ஆளைப் பிடித்துக் குற்றம் சொல்வார்கள்" என்றேன். திங்கட்கிழமை செய்துவிடலாம் என்றார்.

கோபிநாத் என் கையைக் குலுக்கினார். பேச்சியம்மாளை அனுப்பப் போவதில்லை, லைனிலேயே இருக்கலாம் என்று தாமோதரனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிட்டது.

கேன்டீனில் நானும் தாமோதரனும் உட்கார்ந்திருந்தோம். பேச்சியம்மாள் தட்டோடு எங்களைக் கடந்து போனாள். அவர் எழுந்தார். அவள் நின்றாள்.

"இந்தா பாரும்மா" என்றார். வார்த்தைகளைத் தேடினார். "நான்தான் தப்பா நெனச்சிட்டேன். நீ கைய வைக்கல. மனசுல வச்சிக்காத."

நல்ல மனிதர், மனதாரத்தான் சொன்னார். நான் அதோடு எல்லாம் சுபம் என்று எண்ணி இட்லியைப் பிட்டேன்.

பேச்சியம்மாள் தட்டை மேஜையில் வைத்தாள். அவள் குரல் உயரவில்லை.

"சார், நான் கைய வுட்டேன்னு காலையில மீட்டிங்ல, எல்லாரும் வரிசையா நிக்கையில சொன்னிய. எங்க ரூம்ல இருக்க பிள்ளையளும் கேட்டாவ. இதை மட்டும் இங்கன வச்சு எங்கிட்டச் சொன்னா எப்பிடி? அங்கன வச்சே சொல்லுங்க."

தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தாமோதரன் நெடுநேரம் மோரைக் கலக்கிக்கொண்டிருந்தார். குடிக்கவில்லை.

எனக்குச் சனிக்கிழமை மதியம் விமானம். தொழிற்சாலைக்குப் போகவேண்டிய அவசியம் இல்லை. இருந்தாலும் பெட்டி படுக்கையோடு காலையிலேயே போய்விட்டேன். வண்டிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

ஷிஃப்ட் தொடங்கும் முன் எல்லாரும் தரையில் போட்ட மஞ்சள் கோட்டின்மேல் வரிசையாக நிற்பது அங்கே வழக்கம். அன்றைய இலக்கு, பாதுகாப்பு என்று யாராவது ஐந்து நிமிடம் பேசுவார்கள். சூப்பர்வைசர் பேசி முடித்துக் கலையச் சொல்லும் நேரத்தில் தாமோதரன் முன்னால் வந்தார். முகம் வேர்த்திருந்தது. இவ்வளவு பேர் முன்னால் ஒரு டிரெய்னியைப் பற்றிப் பேசுவது அவருக்கு எளிதாக இல்லை என்பது தூணோரம் நின்ற எனக்கே தெரிந்தது.

"ஒரு நிமிஷம். ரெண்டாவது லைன் அடிக்கடி நின்னுக்கினு இருந்துது இல்ல, அது பேச்சியம்மாவால இல்ல. நான் மாத்துன போர்டுல ஒரு செட்டிங் ஆஃபாயிருந்துது. அதுதான். அந்தப் பொண்ணு வேகமா வேலை செஞ்சுது, மெஷினுக்குத் தாங்கல. நான் இங்க நின்னுதான் அது மேல பழி போட்டேன். அதான் இங்கயே சொல்றேன். தப்பு என்னுது."

ஒருவரும் கைதட்டவில்லை. அப்படிக் கைதட்டும் இடமும் இல்லை அது. வரிசையில் சில தலைகள் திரும்பின. ஆட்டோவில் பார்த்த அந்தத் தோழி மட்டும் பேச்சியம்மாளின் முழங்கையில் இடித்தாள்.

பேச்சியம்மாள் அவரைப் பார்த்தாள். "சரி சார்" என்றாள். பிறகு வரிசையை விட்டு நடந்து தன் இடத்துக்குப் போய், முதல் பிராக்கெட்டை எடுத்து அச்சில் பொருத்தி, கையை வெளியே இழுத்துக்கொண்டு, ரோபோவுக்காகக் காத்திருந்தாள்.